சாக்பீஸுக்குப் பூட்டு

“பள்ளிக்கூடமா இது, ஜெயிலா?” ஸ்டாஃப் ரூமுக்குள் நுழையும்போதே வெடித்தார் கணக்கு டீச்சர்.

விஷயம் இதுதான். பள்ளியில் இருந்த சாக்பீஸ் டப்பாக்களையெல்லாம் ஹெச்.எம். தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். வகுப்புக்குப் போகும்போது ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். முடிந்ததும் மிச்சத் துண்டைத் திருப்பித் தர வேண்டும்.

“இருபது வருஷ சர்வீஸ் எனக்கு. கையை நீட்டிக்கிட்டு நிக்கணுமாம்!”

“துண்டு சின்னதா இருந்தா முறைக்கிறார் டீச்சர்,” என்று எடுத்துக் கொடுத்தார் டிராயிங் மாஸ்டர்.

அடுத்த வாரம் இன்னொரு உத்தரவு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டீ கிடையாது, மூன்று மணிக்குத்தான்.

சாக்பீஸையாவது பொறுத்துக்கொண்டார்கள். டீயில் கை வைத்ததும் ஸ்டாஃப் ரூமே கொதித்தது.

அதற்கடுத்த வாரம்தான் உச்சம். மூணாம் வகுப்பு டீச்சர் தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஹெச்.எம். அறைக்கு வந்து ரிப்போர்ட் கார்டு எழுத வேண்டுமாம். அவளுக்கு ஏழாம் மாதம்.

“வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு! நிம்மதியா நாலு வாய் சாப்பிட விடறாரா? நெஞ்சுல ஈரமே இல்லாத மனுஷன்!”

கணக்கு டீச்சரே உட்கார்ந்து, மேலதிகாரிக்கு இரண்டு பக்கப் புகார் எழுதினார். ‘மனிதாபிமானமற்ற’ என்ற வார்த்தை மூன்று இடத்தில் வந்தது. மூன்றுக்கும் டிராயிங் மாஸ்டர் சிவப்பில் அடிக்கோடு போட்டார். எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. பாக்கி அவள் மட்டும்தான்.

வராந்தாவில் அவளைப் பிடித்தார் கணக்கு டீச்சர். “போடும்மா கையெழுத்து. எல்லாம் உனக்காகத்தான்.”

அவள் முழுக்கப் படித்தாள். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

“வேண்டாங்க்கா.”

“பயப்படாதே, நாங்க இருக்கோம்.”

“பயமில்லக்கா. நான் சாக்பீஸ் தின்னுக்கிட்டிருந்தேன்.”

“சாக்பீஸா?” என்றார் கணக்கு டீச்சர்.

“ஒரு நாளைக்கு நாலஞ்சு. நிறுத்தவே முடியலை. ஜன்னல் வழியா ஹெச்.எம். பார்த்துட்டார். ஒரு வார்த்தை கேக்கலை. என்கிட்ட மட்டும் பிடுங்கினா எனக்கு அவமானம்னு, எல்லாருக்கும் சேர்த்துப் பூட்டிட்டார். அவர் சம்சாரம்தான் என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. ரத்தத்துல இரும்புச்சத்து குறைஞ்சா இப்படிக் கண்டதையும் திங்கத் தோணுமாம். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா, சாப்பாட்டுல இருக்கிற சத்தும் சரியா உடம்புல சேராதாம்.”

“அதுக்கு எங்க டீயை எதுக்கு...”

“நீங்க எல்லாரும் குடிச்சா, நானும் குடிச்சிடுவேனே!”

“அப்போ அந்த ரிப்போர்ட் கார்டு?”

“ஒண்ணுகூட எழுதலைக்கா. கீரை, பருப்பு, முட்டை, ஒரு ஆரஞ்சு. தினமும் அவங்க வீட்டிலேர்ந்து வருது. நான் கூச்சப்படாம சாப்பிடணும்னு, அவர் ஃபைலைத் தூக்கிக்கிட்டு வெளியே போயிடுவார். அவங்க முதல் குழந்தை எடை குறைஞ்சு பிறந்து, ஒரு மாசம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்துச்சாம். அந்தப் பயம் அவங்களுக்கு. இப்ப எனக்கு ரத்தம் ஏறியிருக்கு. குழந்தையும் நல்லா வளருதுன்னு டாக்டர் சொன்னாங்க.”

கணக்கு டீச்சர் புகாரை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தார். கண் கலங்கிவிட்டது. கூடவே கோபமும் வந்தது.

“அடிப்பாவி! இதை எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாங்க என்ன அந்நியமா?”

“சொன்னேனேக்கா,” என்றாள் அவள், கொஞ்சமும் கோபமில்லாமல். “அஞ்சாம் மாசமே ஸ்டாஃப் ரூம்ல சொன்னேன், சாக்பீஸைப் பார்த்தா நாக்கு ஊறுதுன்னு. எல்லாரும் சிரிச்சீங்க. ‘வயித்துல இருக்கிறது கேக்குது, இல்லேங்காதே’ன்னு புது டப்பாவைப் பிரிச்சு என் கையில குடுத்ததே நீங்கதானேக்கா!”