தனிப் படிக்கட்டு

குடும்ப நிறுவனத்தின் புதிய தலைமை அலுவலகத்துக்கான வரைபடத்தைக் கட்டடக் கலைஞர் விரித்தார். தடுப்பில்லாக் கூடம், காற்றை அழைக்கும் சாளரங்கள், மழைநீர்த் தொட்டி.

"கட்டடமே மனுஷங்களுக்காகத்தான் சார். யாரும் யாரையும் பார்த்துப் பேசலாம்."

"பிரமாதம்!" என்ற மூத்த முதலாளி, குரலைத் தாழ்த்தினார். "தம்பி மூஞ்சியில முழிக்காம ஏறி இறங்க, எனக்கு மட்டும் பின்பக்கம் ஒரு படி வேணும். அவனுக்குத் தெரியக் கூடாது."

மாலையில் இளைய முதலாளி தொலைபேசினார். "அண்ணன் கண்ணுல படாம எனக்கொரு பின்படி வைங்க. ரகசியம்!"

இருவருக்கும் "ஆகட்டும்" என்றார் கலைஞர். ஐந்தாண்டுகளாக முகம் நோக்கா உடன்பிறப்புகள் அவர்கள். நிறுவனமே இரண்டாகப் பிளக்கும் நிலை.

திறப்பு நாளன்று, தம்பி வரும் நேரமென்று அண்ணன் பின்படியில் இறங்கினார். அண்ணன் கூடத்தில் நிற்பாரென்று தம்பி பின்படியில் ஏறினார். ஓராள் அகலமே உள்ள திருப்பத்தில் நெற்றியோடு நெற்றி மோதியது.

"பார்த்து வரக் கூடாதாடா?"

"ரொம்ப வலிக்குதாண்ணா?"

கீழே நின்ற அவர்களுடைய அக்காவிடம் கலைஞர் பணிவோடு சொன்னார்: "நீங்க ரகசியமாச் சொன்ன மாதிரியே, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே படிதாம்மா கட்டினேன். சிமெண்டும் மிச்சம்."