கைக்கு எட்டாத இடம்

புளி உலுக்கப் போகும்போது கட்டிக்கொள்ளும் கயிற்றைப் பரணிலிருந்து எடுத்து, அப்பா வீரன் சாக்குப்பைக்குள் திணிப்பதைச் செவ்வந்தி பாயில் படுத்தபடியே பார்த்தாள். பூச்சிமருந்து பாட்டிலும் அதே பைக்குள் போனது.

புளி உலுக்கும் காலம் முடிந்துவிட்டது. கொல்லையில் மருந்தடிக்கப் பயிரும் இல்லை.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "கஞ்சி மூடி வெச்சிருக்கேன். குடிச்சிடு பாப்பா."

அந்தப் 'பாப்பா'தான் அவளுக்குச் சரியாகப் படவில்லை. தொட்டதற்கெல்லாம் கத்துகிற மனுஷன், கொஞ்ச நாளாகக் குரலையே உயர்த்தவில்லை. அவள் ஹாஸ்டலைப் பாதியில் விட்டு வந்ததைப் பற்றிக்கூட இப்போது பேச்சில்லை. சாயங்காலமானால் டவர் கிடைக்கிற பாறைமேல் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா கேட்டுக்கொண்டே இருப்பார். இறங்கி வரும்போது கண் சிவந்திருக்கும்.

கோபக்காரர் திடீரென்று சாந்தமாகிவிட்டால் தனியே விடக்கூடாது என்று ஹாஸ்டலுக்கு வந்த டாக்டரம்மா ஒருமுறை சொல்லியிருந்தார். அம்மா காப்பித் தோட்ட வேலைக்குக் கர்நாடகா போயிருந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை.

செவ்வந்தி எழுந்து ஓடினாள்.

வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மங்கம்மாள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னாமே, அதிசயமா வெளிய வந்துக்கிற? வெயிலுக்கே உன்ன அடையாளம் தெரியாது போலக்கீது" என்று சிரித்தாள். அப்பா எங்கே என்று கேட்டதற்கு, கடப்பாரையோடு பாறைக்குப் பின்னால் போனதாகச் சொன்னாள். அங்கே அவருக்கு என்ன வேலை என்று அவளுக்கும் தெரியவில்லை.

செருப்பு அறுந்தது. வெறுங்காலோடு ஏறினாள்.

பாறைக்குப் பின்னால் வீரன் குழி தோண்டிக்கொண்டிருந்தார். பெரிய குழியில்லை, ஒரு கயிறு சுருண்டு உட்காரும் அளவுதான். பக்கத்தில் பாட்டில் காலியாகக் கிடந்தது.

"குடிச்சிட்டியா யப்பா?"

பாய்ந்து போய் அவர் முகத்தை இழுத்து வாயை மோந்து பார்த்தாள். பீடி நாற்றம் மட்டும்தான் இருந்தது. மருந்து நெடி குழிக்குள்ளிருந்து வந்தது.

அப்போதும் அவளுக்கு உயிர் திரும்பவில்லை. குழியோரம் கிடந்த கயிற்றை எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். "என்ன வுட்டுட்டுப் போயிடாத யப்பா. இனிமே ஒழுங்கா சோறு துன்றேன். சுவரப் பாத்துக்கினே படுத்துக் கெடக்க மாட்டேன்" என்று அழுதாள்.

வீரன் கடப்பாரையைக் கீழே போட்டார். அவள் கையில் கயிற்றைப் பார்த்ததும் அவர் முகம்தான் வெளுத்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கயிற்றை வாங்கிக் குழிக்குள் போட்டார். காலால் மண்ணைத் தள்ளி மூடி மிதித்தார்.

"போன்ல பெத்தவங்களுக்குக் கிளாஸ் எடுக்கறாங்க பாப்பா. இதெல்லாம் உன் கைக்கு எட்டற மாதிரி வூட்ல இருக்கக் கூடாதாம்."