எல்லைக்கல்லுக்கு உள்ளே

ஆறு வற்றிப்போகும் சித்திரையிலும் அந்த மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். அடிமணலிலிருந்து குளிர்ந்த ஊற்று கொப்பளிக்கும். அதை நம்பித்தான் நீர்நாய் அங்கே இரண்டு குட்டிகளை ஈன்றிருந்தது.

இந்த வருடம் மடு தினமும் ஒரு சாண் இறங்கியது. கெளுத்தி மீன்கள் சேற்றில் வாய் பிளந்து கிடந்தன. நீர்நாய் கரையேறி, தோட்டத்தில் ஓய்வில்லாமல் ஓடிய மோட்டாரின் முன்னால் போய் நின்றது.

"திருட்டுப் பயலே, என் மடுவைக் குடிக்கிறாயே!"

"அளந்து பேசுங்கள் அக்கா," என்றது மோட்டார். "என் குழாய் ஆற்றுப் பக்கம் ஒரு விரல்கூட நீளவில்லை. எல்லைக்கல்லுக்கு உள்ளே, நேராகக் கீழே போகிறது."

"கல் மேலே நிற்கிறது. கீழே ஓடும் தண்ணீருக்கு அது தெரியுமா? மழைக்காலத்தில் ஆறு உன் மண்ணுக்குள் இறங்கும். கோடையில் அதே தண்ணீர் என் மடுவுக்குத் திரும்பி வரும். நீ உறிஞ்ச ஆரம்பித்த பிறகு ஊற்றும் இல்லை, மடுவில் இருந்ததும் உன் பக்கம் இறங்குகிறது. பத்து நாள் நிறுத்து. என் குட்டிகள் நடக்கட்டும்."

"நான் என் இடத்தில் எடுக்கிறேன்," என்று மோட்டார் இன்னும் சத்தமாக ஓடியது.

நான்காம் நாள் மடுவில் சேறுதான் இருந்தது. ஒரு குட்டி பசியில் செத்துப்போனது. மற்றதைக் கவ்விக்கொண்டு நீர்நாய் கிளம்பியது.

தோட்டத்தைக் கடக்கும்போது மோட்டார் வெறுங்காற்றை இழுத்து இருமியது. "அக்கா, ஆற்றில் கொஞ்சமாவது தண்ணீர் இருக்கிறதா?"

நீர்நாய் குட்டியைக் கீழே வைத்தது.

"எல்லைக்கல்லுக்கு உள்ளேயே தேடு," என்றது. பிறகு குட்டியைக் கவ்விக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தது.