மீதி நாலு

டாக்டர் என் காய்ச்சலுக்கு எழுதிய பத்து மாத்திரைகளை அருப்புக்கோட்டை மருந்துக்கடை ஸ்டீபன் எடுத்துக் கொடுத்தான்.

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ரெண்டு நாள்ல கேக்கும்ண்ணே. கேட்டுருச்சேன்னு நிறுத்திராதீக, அஞ்சு நாளும் போடணும்."

போன வருசம் என் மனைவி ஈவாவுக்கும் இதையேதான் சொன்னான். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும், "இதெல்லாம் சூடு, போதும்" என்று மீதி நாலு மாத்திரையைக் குப்பையில் போட்ட மகா வைத்தியன் நான். காய்ச்சல் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன ஈவா வரவில்லை.

இரண்டாம் நாள் இரவோடு நான் மொத்தம் நாலு போட்டிருந்தேன். அட்டையில் ஆறு இருக்கவேண்டிய இடத்தில் நாலுதான் இருந்தது. முதலில் எலியைச் சந்தேகப்பட்டேன், பிறகு என் மூளையை. பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் இரவு பூட்டு அப்படியே இருந்தது, அட்டை காலி; பக்கத்தில் ஈவாவின் டம்ளர் ஈரத்தோடு கவிழ்ந்திருந்தது. அதுவரை நான் போட்டது ஆறுதான்.

"இன்னொரு நாலு குடுப்பா" என்றேன், மறுநாள் காலை ஸ்டீபனிடம்.

"ஏண்ணே, எலி தூக்கிருச்சா?"

"எலி குடிச்ச டம்ளரக் கழுவிக் கவுத்தாதுப்பா."

சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

புது அட்டையில் கணக்கு சரியாக இருந்தது. தினமும் ஈவாவின் டம்ளரில் வெந்நீர் வைக்கிறேன். காலையில் ஆறிப்போய் அப்படியே இருக்கிறது.