வெட்டுப்பட்ட மூலை

போர்வையின் ஒரு மூலையைக் காணோம். எலி கடித்த மாதிரி இல்லை. ஒரு முழத்துக்கு ஒரு முழம், கத்தரிக்கோல் வைத்து நேராக வெட்டியிருந்தது.

கந்தவேல் அதைக் கூடத்துக் கட்டிலில் விரித்துப் போட்டுவிட்டு நின்றார். அவர் மனைவி சாரதாமணி மஞ்சளும் சிவப்புமான உல்லன் நூலில் குரோஷா ஊசியால் பின்னிய போர்வை அது. மகனும் மகளும் பிறந்தவுடன் படுத்தது அதில்தான். இந்த வீட்டுக் குழந்தையின் மேல் முதலில் படுவது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று வழக்கமாக்கிவிட்டுத்தான் சாரதாமணி போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த வாரம் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். போர்வையைத் தேடியபோது அது பீரோவில் இல்லை; மருமகளின் கூடையில், ஊசி செருகியபடி கிடந்தது. வெட்டிய இடத்தில் புது நூலில் சில வரிசைகள் பின்னத் தொடங்கியிருந்தாள். பழைய மஞ்சளோடு புது மஞ்சள் ஒட்டவில்லை.

மருமகள் ஸ்ரீதேவி ஜன்னலோரம் உட்கார்ந்து மணி பிளான்ட் கொடியைக் கணுவுக்குக் கீழே நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திட்டு முழுக்க ஊறுகாய் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு தண்ணீரில் வேர் விட்டு நின்றது.

"ஏம்மணி, இது நீ வெட்டுனதா?"

"ஆமாங்க மாமா."

தலையைக்கூடத் தூக்கவில்லை. நறுக்கிய துண்டை அடுத்த பாட்டிலில் இறக்கினாள்.

ஆடியில் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த நாள் முதல் இப்படித்தான். கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் ஒன்றும் வராது. கந்தவேலும் கேட்டதில்லை. நடந்ததைப் பற்றி யாரும் வாயெடுக்கக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். நாலு பேர் வந்து உச்சுக் கொட்டும்படி அவர் தன் வாசலை வைத்ததில்லை.

அப்போது மகன் குமரன் தறிக்கூடத்திலிருந்து வந்தான். காதில் வைத்த பஞ்சை எடுத்தபடியே, "என்னங்கப்பா?" என்றான்.

"உம்பொண்டாட்டியக் கேளு. குடிக்கத் தண்ணி கேட்டா வேரோட வருது, ஊடா இது, நர்சரியா? சரி, செடியத்தான வெட்டறான்னு உட்டேன். இப்ப உங்கம்மா போர்வையவும் வெட்டிப்போட்டா."

குமரன் போர்வையைப் பார்த்தான். "அதான் மறுக்காப் பின்னறாளேங்கப்பா."

"வெட்டுன துண்டு எங்கடா?"

குமரனுக்குத் தெரியவில்லை. தனக்குத் தெரியும் என்று கந்தவேலுக்குத் தோன்றியது. ஸ்ரீதேவியின் தங்கைக்கு எருமப்பட்டியில் புரட்டாசி மாதம் ஆண் குழந்தை. பேர் வைக்கப் போனபோது இவள் ஒரு பை நிறைய எதையோ கொண்டுபோனாள். கேட்டதற்குச் செடி என்றாள். யார் பிரித்துப் பார்த்தது?

"உன் தங்கச்சி பையனுக்குக் குடுத்துட்டயா?"

"அவங்களுக்குச் செடிதாங்க மாமா குடுத்தேன்."

"நீ செடி குடுக்கற லட்சணந்தான் ஊருக்கே தெரியுமே. தோட்டத்துக் கடைசி வேப்பமரத்துல மணி பிளான்ட் ஏறி நிக்குதுன்னு தண்ணி கட்டற அப்புசாமி சொல்றான். ஊட்டுக்குள்ள வெக்கறத எவனாச்சும் அங்க கொண்டுபோயி வெப்பானா?"

தோட்டத்தின் அந்தப் பக்கம் ஆடிக்குப் பிறகு அவர் போனதில்லை.

"நான்தாங்கப்பா வெச்சேன்" என்றான் குமரன். "அவ கேட்டா."

"ரெண்டு பேருக்குஞ் சேத்துப் புத்தி போச்சு."

ஸ்ரீதேவி பாட்டிலின் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தாள். அதுதான் அவரை இன்னும் உசுப்பியது. அழுதிருந்தால்கூட விட்டிருப்பார்.

"இங்க பாரு அம்மணி. அந்தப் போர்வை இந்த ஊட்டுக் கொழந்தைங்களுக்கு. கண்டவங்களுக்கு அறுத்துக் குடுக்க அது வாழையிலை இல்ல. எம்மவ வரும்போது அது முழுசா இருக்கோணும். அந்தக் கொழந்தை மேலயே கெடந்தாலும் சரி, உருவிக்கிட்டு வா. இல்லைன்னா நாளைக்கு உங்கப்பன வரச்சொல்லி, நீயும் கூடவே பொறப்படு."

"அப்பா" என்றான் குமரன்.

"நீ சும்மா இருடா."

ஸ்ரீதேவி கத்தரிக்கோலைத் திட்டில் வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, போர்வையின் வெட்டு வாயை விரலால் தடவினாள்.

பின்னல் பிரிந்து ஓடாமல் இருக்க அதன் நெடுகவும் ஒரு வரிசை முடிச்சு போட்டிருந்தது. கந்தவேல் அதை அப்போதுதான் கவனித்தார். கோபத்திலோ அவசரத்திலோ வெட்டியவள் செய்கிற வேலை அல்ல அது.

"கண்டவங்களுக்குக் குடுக்கலீங்க மாமா. இந்த ஊட்டுக் கொழந்தைக்குத்தான் குடுத்தேன்."

"இந்த ஊட்டுல ஏது கொழந்த?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. குமரன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஸ்ரீதேவி போர்வையை நாலாக மடித்து, வெட்டுப்பட்ட மூலை உள்ளே போகும்படி வைத்தாள். அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"ஆஸ்பத்திரியில நர்சம்மா வெள்ளைத் துணி சுத்தறதுக்கு முன்னால அவனை அந்தத் துண்டுலதாங்க சுத்தினேன். பிரிச்சுப் பாக்காம, வேப்பமரத்தடிக்கு நீங்கதானுங்க மாமா தூக்கிட்டுப் போனீங்க."