ஒரு விரற்கடை

"ரிட்டயர் ஆனப்போ தைச்ச பேண்ட். இன்னிக்கும் ஒரு நூல்கூட அளவு மாறலை பாரு," என்றார் கணவர்.

"கண்ணு பட்டுடும், நடக்கப் போங்க."

"ஷெல்ஃப் ஆடிச்சு, கழட்டி மாட்டியிருக்கேன்," என்றபடி கிளம்பினார்.

அவர் குள்ளமாகிக்கொண்டே வந்தார். பேண்ட் தரையில் இழுபடாமலிருக்க, அவருக்குத் தெரியாமல் அவ்வப்போது ஒரு விரற்கடை மடித்துத் தைப்பாள் அவள். தைத்துத் தைத்தே கண் பூத்துவிட்டது. இன்னும் ஒரு பேண்ட் பாக்கி.

டீ குடித்துவிட்டுத் தைக்கலாம் என்று சமையலறைக்குப் போனாள். மேல் ஷெல்ஃபில் இருந்த டப்பா சுலபமாகக் கைக்கு எட்டியது. நல்லவேளை, தனக்கு இன்னும் அந்தக் குறை வரவில்லை.

அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். ஷெல்ஃபுக்கு ஒரு விரற்கடை மேலே பழைய ஆணித் துளைகள். அதற்கும் மேலே, சுண்ணாம்பு பூசி மறைத்த இன்னொரு வரிசை.

டீயை மறந்து ஊசியை எடுத்தாள். நூல் கோக்க வெகுநேரம் ஆனது.