நனையாத விறகு

அடுப்பில் பால் பொங்கி வருகிற நேரம். விடுவிடுவென்று உள்ளே நுழைந்த பாய்லர்காரர், வாசலில் இருந்த தண்ணீர் வாளியைத் தூக்கி அப்படியே அடுப்பின்மேல் கவிழ்த்தார்.

தீ சீறி அடங்கியது. பாத்திரம் சாய்ந்து பால் தரையில் ஓடியது. படுத்திருந்த குழந்தை வீலென்று கத்தியது.

தையல்காரி குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள்.

“என்னண்ணே இது? பச்சப் புள்ளைக்குப் பால் காய்ச்சிட்டிருக்கேன்...”

அவர் எரிந்த கட்டை, எரியாத கட்டை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் சாக்கில் அள்ளினார். சாம்பலைக்கூட விடவில்லை, வழித்துப் போட்டுக்கொண்டார்.

“யாரைக் கேட்டு எடுத்தே?”

“பட்டறைக்குப் பின்னால குப்பையாக் கிடந்ததுண்ணே. அறுத்து எறிஞ்ச துண்டுதானே!”

“இனிமே அந்தப் பக்கம் உன் தலை தெரியக் கூடாது.”

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த வீட்டுக்காரர்தான். தெருக்கோடியில் இருக்கும் மரப் பட்டறையில் பாய்லர் பார்க்கும் வேலை. பலகைகளைச் சூட்டு அறையில் அடுக்கி ஈரத்தை வாங்க வேண்டும். பிறகு இரும்புத் தொட்டிக்குள் தள்ளி மூடி, கரையான் அரிக்காதபடி மருந்து ஏற்ற வேண்டும். மருந்து ஏறிய மரம் தண்ணீர் குடிக்காது. அடைமழையில் எல்லார் வீட்டு விறகும் ஊறிப்போய்க் கிடக்க, அந்தத் துண்டுகள் மட்டும் தீக்குச்சியைக் காட்டியதும் பற்றிக்கொள்ளும்.

ஆனால் ஒரு சிராயைக்கூட அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. மிச்சத்தையெல்லாம் குழி வெட்டிப் புதைப்பார்.

“மண்ணுக்குக் கொடுப்பான், மனுஷனுக்குக் கொடுக்க மாட்டான். ஒரே மகள் போனதுல மனசு கல்லாப் போச்சு” என்று தெருவே பேசியது.

சத்தம் கேட்டு அவர் மனைவி ஓடிவந்தாள். தரையில் கிடந்த பாலைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“எங்க வீட்டுல போன மழைக்காலம் பூரா அந்தப் பட்டறைத் துண்டைத்தான் எரிச்சோம். அவரே சுமந்துட்டு வருவார். பொண்ணை மடியில வெச்சுக்கிட்டு நான் ஊதி ஊதி எரிப்பேன். இப்ப என்ன வந்தது இந்த மனுஷனுக்கு? இரு, நான் போய்க் கேக்குறேன்.”

“நீங்க புள்ளையப் பாத்துக்குங்க அண்ணி. நானே கேட்டுக்கறேன்.”

பட்டறைக்குப் பின்னால் அவர் சாக்கைக் குழியில் கொட்டி மண் தள்ளிக்கொண்டிருந்தார்.

“உங்க பொண்ணு உயிரோட இருந்தா இப்படிப் பண்ணுவீங்களாண்ணே?”

மண்வெட்டி நின்றது. அவர் நிமிரவில்லை.

“அந்த மருந்து விஷம்மா. மரத்துக்குள்ள இருக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. எரிச்சா புகையில வரும். சாம்பல்ல தங்கும்.”

“ஐயோ! இதை எல்லாருக்கும் சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?”

அவர் முகத்தில் மழை எது, கண்ணீர் எது என்று தெரியவில்லை.

“என் பொண்ணு ரத்தத்துல இருந்ததும் அதுதான். டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார். அதுவரைக்கும் எனக்கே தெரியாது. கொண்டுவந்து போட்ட பாவி நான், எனக்கு எந்தத் தண்டனையும் தகும். ஆனா ஊதி எரிச்சவ அவ அம்மா. உனக்குச் சொன்னா தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிஞ்சா அவளுக்குத் தெரியும். அப்புறம் அவ உயிரோட இருப்பாளாம்மா?”

அவர் மறுபடியும் மண்ணைத் தள்ள ஆரம்பித்தார்.

திரும்பி வந்தபோது அண்ணி தன் வீட்டிலிருந்து பால் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்ட பிறகும் கீழே விட மனசில்லாமல் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“கேட்டியா? என்னதான் சொன்னார்?”

தையல்காரி ஈரத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“என்னத்தைச் சொல்வார்? குப்பையா இருந்தாலும் என் குப்பைங்கறார். உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு கருமிய நான் பாத்ததே இல்ல அண்ணி!”